ஆபிரகாம் பராக் சாலேம்

ஆபிரகாம் பராக் சாலேம் (1882 – 1967) கொச்சியைச் சேர்ந்த யூத வழக்குரைஞரும் அரசியல்வாதியும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். ஏ. பி. சாலேம் என்ற பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். கொச்சி யூதர்களுள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல்வர் இவர். கொச்சி சமஸ்தானத்தின் சட்டமன்றத்தில் இரு காலகட்டங்களில் உறுப்பினராக இருந்தார். மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசித் தொழுகைக் கூடத்தில், அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பிரிவினருக்குச் சம உரிமை கேட்டு சத்தியாக்கிரக முறையில் போராடியவர். இதனால் 'யூத காந்தி' என்னும் பட்டப்பெயர் இவருக்கு ஏற்பட்டது.

இவரது பெயர் ஆங்கில எழுத்தில் தமிழ்நாட்டின் சேலம் நகரைப் போலவே எழுதப்படுகிறது. எனினும் அந்நகருக்கும் இப்பெயருக்கும் தொடர்பு இல்லை.

துறைமுகமும் யூதக் குடியேற்றமும்

சாலேமின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, கொச்சி யூதரின் குடிவழிகள் எவ்வாறு உருவாயின என்பதை அறிவது அவசியமாகும். மேற்குக் கடற்கரையில் யூதர்களின் முதல் பெரிய குடியிருப்பு சேர நாட்டின் பழந்துறைமுகமான முசிறியை அடுத்த கொடுங்கல்லூரில் இருந்தது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப் ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்குச் செப்பேடு ஒன்றை வழங்கினான். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையுடன் 72 சிறப்புரிமைகளும் இதன் மூலம் அளிக்கப்பட்டன. தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துவந்த காலத்து மொழியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இச்செப்பேடு பரதேசித் தொழுகைக் கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளது.

1341 ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் புதிய துறைமுகம் உருவாக வழிவகுத்தது. வணிகம் இடம் மாறவே யூதர்களும் சிறிது சிறிதாக இடம் மாறினர். 16 ஆம் நூற்றாண்டுப் போர்களில் கொடுங்கல்லூர் குடியிருப்பு முற்றிலும் அழிந்தது. அதே நூற்றாண்டில், 1492 இல் எசுப்பானியாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தோரும், அலெப்போ, பாக்தாத் முதலிய நகரங்களைச் சேர்ந்தோரும் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். பிற நாட்டிலிருந்து வந்தமையால் இவர்கள் பரதேசிகள் எனப்பட்டனர். கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே இவர்களுக்கு நிலம் அளித்தார். 1568 இல் அங்குப் பரதேசித் தொழுகைக் கூடம் எழுந்தது. அத்தெரு இன்றும் யூதர் தெரு என்றே வழங்குகிறது. பழங்குடி யூதர்களுக்குரிய கடவும்பாகம், தெக்கும்பாகம் ஆகிய தொழுகைக் கூடங்களும் அதே தெருவிலேயே இருந்தன. இவற்றைத் தவிர எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாள ஆகிய ஊர்களிலும் யூதர்கள் வாழ்ந்தனர்.

காலப்போக்கில் மூன்று பிரிவுகள் தோன்றின. முதலாவது, பழங்குடிகளான மலபார் யூதர்கள். ஐரோப்பியப் பயணிகள் இவர்களைக் கறுப்பு யூதர் என்று எழுதினர். இரண்டாவது, வெள்ளை யூதர் எனப்பட்ட பரதேசிகள். மூன்றாவது பிரிவினர் எபிரேய மொழியில் மெசுஹ்ராரிம் எனப்பட்டனர். விடுவிக்கப்பட்டோர் என்பது இச்சொல்லின் பொருள். பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத சமயத்தில் சேர்க்கப்பட்டு, பின்னர் விடுதலை பெற்றவர்களும், எசமானர்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்களும் இதில் அடங்குவர். இவர்கள் பரதேசிகளின் தொழுகைக் கூடத்தையே சார்ந்திருந்தனர். ஆனால் அதன் முழு உறுப்பினர்களாகக் கருதப்படவில்லை. சாலேம் இப்பிரிவில் பிறந்தவர்.

குலவழி பற்றிய நானூறு ஆண்டு வழக்கு

யார் உண்மையான யூதர், யார் யாருடன் மணஉறவு கொள்ளலாம் என்ற கேள்வி கொச்சியில் மிகப் பழமையானது. ஏறத்தாழ 1520 இல், எகிப்தில் வாழ்ந்த புகழ்பெற்ற சமயச் சட்ட அறிஞர் ராபி தாவீது இப்னு சிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு வினா அனுப்பப்பட்டது. ஏறக்குறைய 900 குடும்பங்கள் கொண்ட சமூகத்தில் 100 குடும்பங்கள் மட்டுமே தம்மைக் குலவழி உடையோர் என்று கூறிக்கொண்டு, மற்றவர்களை அடிமைகள் என்று அழைத்து, அவர்களுடன் மணஉறவை மறுப்பதாக அவ்வினா தெரிவித்தது. முறைப்படி சமய நீராட்டு நடந்தபின் அவர்கள் அனைவரும் யூதர்களே என்றும், அவர்களுடன் மணஉறவு கொள்ளத் தடையில்லை என்றும் இப்னு சிம்ரா தீர்ப்பளித்தார். பின்னர் அலெக்சாந்திரியாவின் ராபி யாக்கோபு தெ காஸ்த்ரோவும் இதே கருத்தைத் தெரிவித்தார். ஆயினும் கொச்சியில் வழக்கம் மாறவில்லை.

இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்த வினா எழுதப்பட்ட காலத்தில் பரதேசித் தொழுகைக் கூடமே கட்டப்பட்டிருக்கவில்லை. பின்னாளில் குலவழிப் பெருமையைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டவர்கள், காலத்தால் பிந்தி வந்த பரதேசிகளே ஆவர்.

சமூகத்தின் வரலாற்றை எழுதும் வாய்ப்பும் அவர்கள் பக்கமே இருந்தது. 1686 இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரேரா தெ பைவா, பரதேசிகளின் 25 குடும்பங்களை அவர்களது பூர்விக ஊர்களுடன் பட்டியலிட்டு மறு ஆண்டில் நூலாக வெளியிட்டார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய எசேக்கியேல் ரகாபி (1694 – 1771), ஹேக் நகரின் வங்கியாளர் தோபியாஸ் போவாசுக்கு 1768 இல் எழுதிய நீண்ட கடிதம் இன்னொரு முக்கிய ஆவணமாகும். எருசலேம் ஆலயம் கி.பி. 70 இல் அழிந்தபின் முன்னோர் மலபாருக்கு வந்தனர் என்றும், செப்பேடு கி.பி. 379 இல் வழங்கப்பட்டது என்றும் அவர் எழுதினார். செப்பேட்டைப் பற்றிய இக்காலக் கணிப்பை இன்றைய கல்வெட்டு அறிஞர்கள் ஏற்பதில்லை. கறுப்பு யூதர்களைப் பின்னர் மதம் மாறியோரின் வழித்தோன்றல்கள் என்று அவர் குறிப்பிட்டார். அடுத்து வந்த டச்சு அதிகாரிகளும் இக்கருத்தையே தம் குறிப்புகளில் எழுதிவைத்தனர். தொழுகைக் கூடத்தின் மணிக்கூண்டையும் (1760), தரையில் பதிக்கப்பட்ட நீல வெள்ளை நிறச் சீனக் களிமண் ஓடுகளையும் அளித்தவர் இதே ரகாபி ஆவார்.

விடுவிக்கப்பட்டோரின் பக்கத்திலிருந்து இவ்வாறான குடும்ப வரலாறு எதுவும் எழுதப்படவில்லை. அவர்களது எதிர்ப்பு வேறு வகையில் வெளிப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களுள் சிலர் மட்டாஞ்சேரியை விட்டு வெளியேறி, ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த கோட்டைக் கொச்சியில் குடியேறித் தனியே வழிபாடு நடத்தினர். மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. சில மைல் தூரத்தில் ஆட்சி மாறுவதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர் எனலாம். கொள்ளைநோயில் பலர் இறந்துவிடவே அம்முயற்சி தோற்றது. எஞ்சியோர் பழைய தெருவுக்கே திரும்பினர். கொச்சி சமஸ்தானத்தில் அடிமை முறை 1854 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சாலேம் பிறந்தது அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு.

2016 இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, கொச்சி யூதர்களிடம் இந்திய மரபும் யூத மரபும் கலந்தே காணப்படுவதாகத் தெரிவிக்கிறது. ஏறத்தாழ 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன்னர், ஏமன், செபராது, மத்திய கிழக்கு யூதர்களின் மரபுக்கூறுகள் இச்சமூகத்தில் கலந்தன என்பது அதன் முடிவாகும். கலப்பற்ற குலவழி என்ற கருத்துக்கு இதில் இடமில்லை.

இளமையும் கல்வியும்

சாலேம் 1882 இல் மட்டாஞ்சேரி யூதர் தெருவில் பிறந்தார். எர்ணாகுளம் கல்லூரியில் இளங்கலைக் கல்வி கற்றார். 1925 இல் மகாராஜா கல்லூரி என்று பெயர் மாற்றம் பெற்றது இக்கல்லூரியே. பின்னர் சென்னைக்குச் சென்று சட்டம் பயின்று பட்டம் பெற்றார்.

கொச்சி யூதர் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றது இதுவே முதன்முறை. அப்பெருமை செல்வர்களான பரதேசிக் குடும்பங்களுக்குக் கிட்டாமல், அவர்கள் தங்களுக்குச் சமமாக ஏற்காத ஒருவருக்குக் கிட்டியது குறிப்பிடத்தக்கது. சென்னையும் யூதர்களுக்குப் புதிய ஊரன்று. 17 ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் விற்ற போர்த்துக்கேய யூத வணிகர்கள் அங்கு வாழ்ந்தனர். 1688 இல் அமைக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினர்களுள் யூதரும் இருந்தனர். பவளக்காரத் தெரு என்ற பெயர் அவ்வணிகத்தை நினைவூட்டுகிறது. ஆனால் சாலேம் அங்குப் படித்த காலத்தில் அச்சமூகம் மறைந்துபோயிருந்தது.

ஊர் திரும்பிய சாலேம் எர்ணாகுளத்தில் வழக்குரைஞராகத் தொழில் செய்தார். மட்டாஞ்சேரியில் குடியிருந்தபடி, காயலைப் படகில் கடந்து நீதிமன்றம் சென்று வருவது அக்காலத்து வழக்கம்.

அரசியல் வாழ்க்கை

கொச்சி சமஸ்தானத்தின் சட்டமன்றம் 1925 இல் தொடங்கப்பட்டது. அதில் 45 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சாலேம் 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் இம்மன்றத்தில் உறுப்பினராக இருந்தார். தொழிற்சங்க இயக்கத்தையும் ஆதரித்தார். அது கொச்சி பெருமளவில் மாறிவந்த காலமாகும். பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் துறைமுகத்தின் வாயிலிலிருந்த மணல்திட்டு வெட்டி அகற்றப்பட்டு, 1928 முதல் பெரிய கப்பல்கள் உட்புறத் துறைமுகத்துக்கு வரத் தொடங்கின. தோண்டிய மண்ணைக் கொட்டி வெலிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. துறைமுக வேலையும் ஆலை வேலையும் தேடி உழைப்பாளர் பலர் நகருக்கு வந்தனர்.

1920களின் பிற்பகுதியில் சாலேம் இந்திய விடுதலை இயக்கத்தின் பால் ஈர்க்கப்பட்டார். 1929 டிசம்பரில் சவகர்லால் நேருவின் தலைமையில் லாகூரில் நடந்த இந்தியத் தேசிய காங்கிரசு மாநாட்டில் கலந்துகொண்டார். முழு விடுதலையே குறிக்கோள் என்ற தீர்மானம் நிறைவேறியது அம்மாநாட்டில்தான். 1930களில் அவர் தேசிய இயக்கத்தில் முன்னணிப் பங்கு வகிக்கவில்லை. எனினும் எர்ணாகுளத்தில் பொதுக்கூட்டங்களில் பேசுவதை நிறுத்தவில்லை. அவர் நின்று பேசிய சிறு மண்மேடு மக்கள் வழக்கில் 'சாலேம் குன்று' என்றே பெயர் பெற்றது. சமஸ்தான அரசைக் குறைகூறும் அவரது பேச்சைக் கேட்க மக்கள் அங்குக் கூடினர்.

தொழுகைக் கூடத்தில் போராட்டம்

சட்டமன்றத்தில் இருக்கை பெற்ற சாலேமுக்குத் தாம் பிறந்த தெருவின் தொழுகைக் கூடத்தில் இருக்கை இல்லை. பரதேசித் தொழுகைக் கூடத்தில் விடுவிக்கப்பட்டோர் விசிப்பலகைகளில் அமரக் கூடாது. முன்கூடத்தின் தரையிலோ படியிலோ அமர்ந்து வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். ஓய்வுநாள் வழிபாட்டில் தோரா சுருளை வாசிக்க அவர்கள் அழைக்கப்படுவதில்லை. பரதேசிகளுடன் திருமணம் கூடாது. இறந்தோரைப் புதைக்கவும் தனி இடமே ஒதுக்கப்பட்டிருந்தது.

தோரா வாசிக்க அழைக்கப்படுதல் யூத வழிபாட்டில் சிறிய செய்தியன்று. வயது வந்த ஆண் ஒருவர் சமூகத்தின் முழு உறுப்பினர் என்பதற்கு அதுவே வெளிப்படையான அடையாளம். திருமணத்தின்போதும், மகன் பதின்மூன்று வயதை எட்டும்போதும், பெற்றோரின் நினைவு நாளிலும் இந்த அழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. எனவே ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அவமதிப்பு ஒரு நாளோடு முடிவதில்லை. வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் அது திரும்பத் திரும்ப நேர்ந்தது.

இவ்வழக்கத்துக்கு யூத சமயச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. விடுதலை பெற்று முறைப்படி சமயத்தில் சேர்ந்தவர் முழு யூதர் என்பதே அச்சட்டத்தின் நிலை. ஆகவே எழுதப்பட்ட விதி சாலேமின் பக்கமும், ஊர் வழக்கம் எதிர்ப்பக்கமும் இருந்தன. கொச்சியில் பரதேசிகள் கடைப்பிடித்த விலக்கு, அவர்களைச் சூழ்ந்திருந்த சாதிச் சமுதாயத்தின் ஏற்பாட்டை ஒத்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. யூதர்களைப் பாதுகாத்த கொச்சி அரசவையில் உயர்குலம் என்ற மதிப்பைப் பெறுவதற்கு, தங்களுக்குக் கீழே ஒரு பிரிவு இருப்பது பரதேசிகளுக்குத் தேவைப்பட்டது.

கேரளத்தில் இதே காலத்தில் வேறு வாயில்களின் முன்பும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1924 – 1925 இல் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக சத்தியாக்கிரகம் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியார் ஈ. வெ. ராமசாமி அதில் சிறை சென்றார். 1931 இல் குருவாயூரில் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. 1936 இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். வைக்கம் மட்டாஞ்சேரியிலிருந்து தொலைவில் இல்லை. காங்கிரசு அரசியலில் ஈடுபட்டிருந்த சாலேமுக்கு இம்முறைகள் நன்கு தெரிந்தவை.

அவர் கையாண்ட வழிகளும் அத்தகையவையே. சில காலம் தொழுகைக் கூடத்துக்குச் செல்லாமல் புறக்கணித்தார். பின்னர் அங்கேயே இருந்து, தடைகளை அமைதியாக மீறும் முறையையும் மேற்கொண்டார். தனித் தொழுகைக் கூடம் கட்டிக்கொள்ளும் வழியை அவர் நாடவில்லை. கோட்டைக் கொச்சிக்குப் போன முந்தைய தலைமுறையின் முயற்சி எப்படி முடிந்தது என்பது தெருவில் எல்லோரும் அறிந்த செய்தி. அவர் கேட்டது இதே கூடத்தில், இதே விசிப்பலகையில் இடம். நீதிமன்றம் ஏறுவதைக் காட்டிலும் உடன் வழிபடுவோரின் மனத்தை மாற்றுவதையே அவர் பெரிதும் நம்பினார் எனத் தோன்றுகிறது. சிறிய சமூகம் அது. எதிரெதிரே நின்றவர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

1929 இல் சாலேம் பரதேசித் தொழுகைக் கூடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதி எர்ணாகுளத்தில் வெளியிட்டார். 'நித்திய ஒளி அல்லது யூதர் தெருத் தொழுகைக் கூடம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். பெரேரா தெ பைவாவும் ரகாபியும் எழுதிவந்த வரலாற்றை, அவர்களது பட்டியல்களில் இடம்பெறாத குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் எழுத முன்வந்தார் என்பதே இந்நூலின் தனிச்சிறப்பு.

உரிமைகள் ஒரே நாளில் கிட்டவில்லை. முதலில் பின்வரிசையில் அமர இடம் கிடைத்தது. பிறகு தோரா வாசிப்புக்கான அழைப்பு சிறிது சிறிதாக வந்தது. 1937 இல் கொச்சிக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம், பழைய தடைகள் பலவும் விழுந்துவிட்டதைப் பதிவு செய்துள்ளார். திருமணத் தடை மட்டும் நீடித்தது. 1950 இல் சாலேமின் மகன்களுள் ஒருவர் பரதேசிக் குடும்பப் பெண் ஒருவரை மணந்தபோது, அத்திருமணத்தைக் கொச்சியில் நடத்த இயலாமல் பம்பாயில் நடத்த வேண்டியிருந்தது. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எகிப்திய ராபி அனுமதித்த மணஉறவு அது.

இப்பிரிவினரின் அனுபவங்களை விரிவாக அறிய உதவும் மற்றொரு நூல், ரூபி தானியேல் (1912 – 2002) அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் இணைந்து எழுதி 1995 இல் வெளியான நினைவுக் குறிப்புகளாகும். ரூபி தானியேலும் மட்டாஞ்சேரியில் விடுவிக்கப்பட்டோர் பிரிவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றினார். குடும்பங்களின் கதைகளையும் பெண்கள் பாடிவந்த யூத மலையாளப் பாடல்களையும் அந்நூல் பாதுகாத்துள்ளது.

இசுரேலும் புலம்பெயர்வும்

சாலேம் 1933 இல் பாலத்தீனத்துக்குப் பயணம் மேற்கொண்டார். அதன்பின் சியோனிசக் கொள்கையின் தீவிர ஆதரவாளரானார். இந்திய விடுதலையையும் யூதர்களின் தாயகக் கோரிக்கையையும் அவர் ஒன்றுக்கொன்று முரணானவையாகக் கருதவில்லை. ஆனால் காந்தியடிகள் உள்ளிட்ட காங்கிரசுத் தலைவர்கள் சியோனிசத்தை ஏற்கவில்லை.

1948 இல் இசுரேல் நாடு அமைந்தபோது கொச்சிப் பகுதியில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பழங்குடி மலபார் யூதர்கள். பரதேசிகளின் எண்ணிக்கை மிகவும் குறைவு. சமய ஆர்வமும் வறுமையும் சேர்ந்து பலரையும் இசுரேலுக்குச் செல்லத் தூண்டின. பலர் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகக் காத்திருந்தனர். ஆனால் கொச்சியில் பரவலாக இருந்த யானைக்கால் நோய் இசுரேலில் பரவிவிடும் என்று அந்நாட்டு நலவாழ்வு அதிகாரிகள் அஞ்சியதால் குடியேற்றம் தடைப்பட்டது. கொசுக்களால் பரவும் நோய் அது. கையில் இருந்த பணம் கரைய, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் குடும்பங்கள் தவித்தன.

1953 இல், தமது 71 ஆம் வயதில், சாலேம் இவர்களுக்காக இசுரேல் சென்று அதிகாரிகளுடன் பேச்சு நடத்தினார். அவர் பரிந்து பேசிய மக்களுள் பெரும்பாலோர் அவரது பிரிவைச் சேர்ந்தவர்கள் அல்லர். தெருவின் மறுகோடித் தொழுகைக் கூடங்களையும் பிற ஊர்களையும் சேர்ந்தவர்கள். தடை நீங்கி, 1950களின் நடுப்பகுதிக்குள் மலபார் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் புலம்பெயர்ந்தனர். நெகேவ் பாலைநிலத்திலுள்ள நெவாத்திம், எருசலேமுக்கு மேற்கிலுள்ள மெசிலாத் சியோன் முதலிய வேளாண் குடியிருப்புகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். மிளகும் தென்னையும் அறிந்த மக்கள் அங்குக் கோழி வளர்ப்பையும் வறண்ட நில வேளாண்மையையும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாலேம் புலம்பெயரவில்லை. மற்றவர்களை அனுப்பிவைத்துவிட்டுக் கொச்சியிலேயே தங்கிவிட்டார்.

இறுதிக் காலமும் அதன் பின்னரும்

சாலேம் 1967 இல் கொச்சியில் காலமானார். பல ஆண்டுகள் எழுதிவந்த நாட்குறிப்புகளை விட்டுச்சென்றார். கொச்சி யூதரின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர், குறிப்பாக அமெரிக்க ஆய்வாளர் நேதன் காட்ஸ், இவற்றைப் பயன்படுத்தியுள்ளனர். தொழுகைக் கூடத்தின் உள்விவகாரங்களை ஒதுக்கப்பட்டவரின் பார்வையில் காட்டும் ஆவணங்கள் வேறு அதிகம் இல்லாமையால் இவற்றின் மதிப்பு கூடுதலாகும்.

அவர் மறைந்த மறு ஆண்டில், 1968 டிசம்பரில், பரதேசித் தொழுகைக் கூடத்தின் 400 ஆம் ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டார். அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அப்போதே வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்களைத் திரட்டுவது கடினமாகி வந்தது. 1970களில் பரதேசிக் குடும்பங்களும் புலம்பெயரத் தொடங்கின. பழைய பிரிவினை படிப்படியாகப் பொருளிழந்தது. அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்களும் அதனால் துன்புற்றவர்களும் ஒருசேரக் குறைந்துபோயினர். 2024 இல் பரதேசிச் சமூகத்தின் கடைசிப் பெண்மணி மறைந்தபோது அச்சமூகத்தில் எஞ்சியிருந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மட்டாஞ்சேரி கடவும்பாகம் தொழுகைக் கூடத்தின் உள்ளமைப்பு பிரித்தெடுக்கப்பட்டு எருசலேமிலுள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் 1990களில் மீண்டும் நிறுவப்பட்டது. நெவாத்திமில் கொச்சி யூதர்களின் மரபுகளைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அங்குக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் குடும்ப வேர்களைத் தேடிக் கேரளத்துக்கு வந்து செல்வதுண்டு. மட்டாஞ்சேரியில் யூதர் தெருப் பகுதியில், பழம்பொருள் கடைகளும் நறுமணப் பொருள் கிடங்குகளும் நிறைந்த சாலை ஒன்றுக்கு ஏ. பி. சாலேம் சாலை என்று பெயரிடப்பட்டுள்ளது.